சபையில் பத்து வருடம் வாசித்தவர் எந்த கிரேடில் தொடங்குவது?

கேள்வி: எனக்கு 28 வயது. பாளையங்கோட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ படிக்கும்போது சபையில் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தேன். பாமாலை, கீர்த்தனை, வாலிபர் கூட்டப் பாட்டு எதுவானாலும் ஒருமுறை கேட்டால் கார்ட் போட்டுவிடுவேன். பாடுகிறவர் திடீரென்று ஸ்கேலை ஏற்றச் சொன்னாலும் சமாளித்துவிடுவேன். ஆனால் ஸ்டாஃப் நொட்டேஷன் ஒரு வரிகூட வாசிக்க வராது. தந்தியையும் ஃப்ரெட்டையும் எண்ணில் காட்டும் டேப் பார்த்துத்தான் சில பீஸ்கள் கற்றுக்கொண்டேன். இங்கே ஒரு பள்ளியில் வெஸ்டர்ன் மியூசிக் ஆசிரியர் வேலைக்கு கிரேடு சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள். “உன் வாசிப்புக்கு நேரே கிரேடு 5 எழுதிவிடலாம்” என்கிறார் நண்பர். “ராக்ஸ்கூல் எழுது, அதுதான் சுலபம்” என்கிறார் இன்னொருவர். என் அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், பியானோவில் கிரேடு 4 முடித்துவிட்டாள். இந்த வயதில் நான் போய் இனிஷியலிலிருந்து தொடங்குவதா? எந்தத் தேர்வு, எந்த கிரேடு என்று வழி சொல்லுங்கள்.

– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தேர்வு எழுதுங்கள். ஆனால் கிரேடு 5 இப்போது வேண்டாம். கிரேடு 1-க்கும் கீழே இருக்கும் இனிஷியலும் வேண்டாம். கிரேடு 3 உங்களுக்குச் சரியான இடம்.

உங்கள் நண்பர் விதியைப் பொறுத்தவரை தப்பாகச் சொல்லவில்லை. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம், ராக்ஸ்கூல் ஆகிய தேர்வு வாரியங்கள் எதிலும் கீழ் கிரேடு முடித்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏபிஆர்எஸ்எம்மில் மட்டும் கிரேடு 6-உம் அதற்கு மேலும் எழுத, கிரேடு 5 தியரி அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் ஒன்றை முடித்திருக்க வேண்டும். வயது உச்சவரம்பும் கிடையாது. தேர்வு அறைக்கு வெளியே உங்களுக்கு முன்னால் ஒன்பது வயதுப் பையனும் பின்னால் ஓய்வு பெற்ற ஒருவரும் காத்திருக்கலாம். தேர்வாளருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நண்பர் கவனிக்காதது வேறு. உங்கள் காது, கை, கண் மூன்றும் ஒரே வகுப்பில் இல்லை. பாட்டு நடக்கும்போதே ஸ்கேல் மாற்றிக் கார்ட் போடும் காது, கிரேடு 6 முடித்த பல பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. கை நடுவில் நிற்கிறது: ஸ்ட்ரம்மிங்கும் கார்ட் மாற்றமும் சரளம், ஒற்றை ஸ்வரமாக மெலடி வாசிக்கும் பழக்கம் குறைவு. கண் இன்னும் அரிச்சுவடியைத் தொடவில்லை. கிரேடு தேர்வு இந்த மூன்றையும் ஒரே நாளில் கேட்கும்.

மதிப்பெண் கணக்கைப் பார்த்தால் இது புரியும். டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் நேரடித் தேர்வில் மொத்தம் 100. மூன்று பீஸ்களுக்குத் தலா 22. ஸ்கேல், ஆர்பெஜியோ போன்ற டெக்னிக்கல் வொர்க்குக்கு 14. சப்போர்ட்டிங் டெஸ்ட் இரண்டுக்குத் தலா 10. 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். கிரேடு 5 வரை அந்த இரண்டு டெஸ்டுகளை சைட் ரீடிங், ஆரல், இம்ப்ரொவைசேஷன், மியூசிக்கல் நாலெட்ஜ் ஆகிய நான்கிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். காது பலமுள்ள கிட்டார்காரர்கள் பலரும் ஆரலையும் இம்ப்ரொவைசேஷனையும் எடுத்துக்கொண்டு சைட் ரீடிங்கைத் தாண்டிப் போகிறார்கள். பீஸ்களையும் டேப் எழுதிவைத்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கிரேடு 5 வரை வண்டி ஓடும். கிரேடு 6-இல் சைட் ரீடிங் கட்டாயம். கைகள் ஆறாவது கிரேடில் இருக்க, கண் முதல் கிரேடு வரியைக்கூட எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கும். அந்த நிலையில் கிட்டாரையே மூடி வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களைக் கிரேடு 3-இல் நிறுத்துவது இதற்காகத்தான். அங்கே பீஸ்கள் உங்கள் கைக்குப் பெரிய பாரமாக இருக்காது. மிச்ச நேரம் முழுவதையும் கண்ணுக்குக் கொடுக்கலாம்.

பியானோ வாசிக்கும் பிள்ளைக்கு சீக்கிரம் கைவருவது கிட்டாரில் ஏன் இத்தனை பாடாக இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் வெட்கம் போய்விடும். தாளில் நான்காவது இடைவெளியில் ஒரு ஈ ஸ்வரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பியானோவில் அதற்கு ஒரே ஒரு கட்டைதான். கிட்டாரில் முதல் தந்தியைத் திறந்து தட்டினாலும் அதே ஈ. இரண்டாம் தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் ஒன்பதாவது, நான்காம் தந்தியில் பதினான்காவது, எல்லாம் அதே ஸ்வரம்தான். எங்கே அதைப் பிடிப்பது என்பதை முன்னும் பின்னும் வரும் ஸ்வரங்கள்தான் முடிவு செய்யும். அதாவது உங்கள் அக்கா மகள் ஸ்வரத்தை அடையாளம் கண்டால் போதும். நீங்கள் அடையாளமும் கண்டு இடமும் தேர வேண்டும். டிரினிட்டியின் சைட் ரீடிங்கில் பார்த்துக்கொள்ளத் தரும் நேரம் அரை நிமிடம். டேப் அந்த இடத் தேர்வை உங்களுக்காக முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுகிறது. அதனால்தான் அது இனிக்கிறது, அதனால்தான் நம்மை வளரவிடுவதும் இல்லை.

இதற்கு உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. சபையில் ஆர்கனோ பியானோவோ வாசிப்பவரிடம் பாமாலை ராகங்களின் நான்கு குரல் ஸ்டாஃப் நொட்டேஷன் அநேகமாக இருக்கும். ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். மேல் வரியில் காம்புகள் மேல்நோக்கி இருக்கும் ஸ்வரங்கள் சோப்ரானோ. அந்த வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதலில் நூறு முறை பாடிய ராகங்களாகப் பார்த்து, முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் வாசியுங்கள். தப்பான ஸ்வரம் விழுந்தால் உங்கள் காதே பிடித்துக்கொடுத்துவிடும். வேறு ஆசிரியர் வேண்டாம். சில வாரம் கழித்து அதே புத்தகத்தில் உங்கள் சபையில் பாடாத ராகங்களுக்குப் போங்கள். அங்கே காது உதவிக்கு வராது, கண் மட்டும்தான் துணை. சைட் ரீடிங் என்பது அதுதான். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு ராகத்தை இரண்டு முறைக்கு மேல் வாசிக்காமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். மூன்றாம் முறை வாசித்தால் அது மனப்பாடக் கணக்கில் சேர்ந்துவிடும்.

தாளக் கணக்கில் ஐயம் வந்தால் அக்கா மகளைக் கேளுங்கள். கிரேடு 4 முடித்த பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மாமாவுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கும் பெருமை இருக்கும்.

இனி எந்தத் தேர்வு என்பது. டிரினிட்டி 1877 முதல் இசைத் தேர்வு நடத்துகிறது. ஏபிஆர்எஸ்எம் 1889-இல் தொடங்கியது. இரண்டும் கிளாசிக்கல் வழியில் வேரூன்றியவை. நைலான் தந்தி, இடது காலுக்கு ஃபுட்ஸ்டூல், வலக்கை விரல்களால் மீட்டுவது, பாஸ் வரியையும் மெலடியையும் ஒரே ஆள் சேர்த்து வாசிப்பது. இளையராஜா டிரினிட்டியில் படித்துத் தேறியதும் இந்த கிளாசிக்கல் கிட்டாரில்தான். ராக்ஸ்கூல் 1991-இல் வந்தது. ராக், பாப், எலெக்ட்ரிக், அக்கூஸ்டிக் எல்லாம் அதன் களம். டிரினிட்டிக்கும் ராக் அண்ட் பாப் என்று தனிப் பிரிவு உண்டு.

ராக்ஸ்கூல் சுலபம் என்பது வெறும் பேச்சு. இந்தத் தேர்வு வாரியங்கள் எல்லாம் இங்கிலாந்தின் ஆஃப்குவால் என்ற ஒரே ஒழுங்குமுறை அமைப்பின் கீழ், ஒரே படிநிலைக் கணக்கில்தான் வருகின்றன. கேட்கும் திறமைதான் வேறு. ராக்ஸ்கூலில் மூன்று பாட்டுக்குத் தலா 20, டெக்னிக்கல் பயிற்சிக்கு 15, சைட் ரீடிங் அல்லது இம்ப்ரொவைசேஷனுக்கு 10, காதுத் தேர்வுக்கு 10, பொதுக் கேள்விகளுக்கு 5. பாட்டுகளை பேக்கிங் டிராக்கோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். சபையில் வாசித்துப் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். சபையார் ஒவ்வோர் அடியின் கடைசியிலும் இழுப்பார்கள், நீங்களும் கூடவே நின்று சேர்த்துக்கொண்டு போவீர்கள். அது பாட்டுக்குத் துணை போகும் நல்ல குணம். டிராக் நிற்காது. கால் மாத்திரை தாமதித்தாலும் அடுத்த கார்ட் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். மெட்ரோனோமை இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது. முதல் தேர்வை ராக்ஸ்கூல் அக்கூஸ்டிக் கிட்டார் கிரேடு 3-இல் எழுதுங்கள். உங்களிடம் ஸ்டீல் தந்திக் கிட்டார் இருந்தால் அதுவே போதும். கைக்குப் பழகிய இசை. ஆனால் சைட் ரீடிங்கா இம்ப்ரொவைசேஷனா என்று கேட்கும் இடத்தில் துணிந்து சைட் ரீடிங்கைத் தேர்ந்தெடுங்கள். இம்ப்ரொவைசேஷன் எடுத்தால் மூன்று நான்கு மதிப்பெண் கூடுதலாக வரலாம். அந்த நான்கு மதிப்பெண்ணால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. புத்தகத்தில் ஸ்டாஃபும் டேபும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். டேப் வரியை ஒரு வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டு மேல்வரியைப் படியுங்கள். அது முடிந்தபின் ஒரு நைலான் தந்திக் கிட்டார் வாங்கி, டிரினிட்டி கிளாசிக்கலுக்கு மாறலாம். புது உட்காரும் முறை, புது வலக்கை, புது எழுத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தலையில் போட்டுக்கொண்டால் வேலைக்கும் போய்வரும் மனிதர் மூன்றே மாதத்தில் சோர்ந்துவிடுவார்.

வேலை விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். கிரேடு 1 முதல் 3 வரை அவர்கள் கணக்கில் லெவல் 1. 4, 5 லெவல் 2. 6 முதல் 8 வரை லெவல் 3. இங்கிலாந்தின் ஏ லெவல், அதாவது நம் பிளஸ் டூ அளவிலான படிப்பு நிற்பது இந்த மூன்றாம் படியில்தான். கிரேடு 8 கூடப் பட்டம் ஆகாது. அதற்கு மேல்தான் ஏடிசிஎல், எல்டிசிஎல் போன்ற டிப்ளமோக்கள். தவிர, கிரேடு தேர்வு நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று மட்டுமே பார்க்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று பார்ப்பதில்லை. பள்ளியில் போய் எந்த வாரியம், எந்த கிரேடு என்று தெளிவாகக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கணக்கு வேலையை அதுவரை விட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். கிரேடு ஏறுவதே படிப்பு என்று ஆகிவிடக் கூடாது. ஒரு கிரேடுக்கு மூன்று பீஸ். முதல் கிரேடிலிருந்து ஐந்து வரை வருடத்துக்கு ஒன்றாக எழுதிய பிள்ளைக்கு ஐந்து வருடத்தில் தெரிந்தவை பதினைந்து பீஸ்கள். அவற்றிலும் கடைசி மூன்றைத்தான் இன்று வாசிக்க முடியும். வீட்டுக்கு விருந்தாளி வந்து “ஒரு பாட்டு வாசி கண்ணு” என்றால் அந்தப் பிள்ளை விழிக்கிறது. இந்தக் கொடுமை உங்களுக்கு நேராது; பத்து வருடப் பாட்டு உங்கள் விரலில் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். தேர்வுக்குத் தயாராகும் மாதங்களிலும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது நிற்க வேண்டாம். கிளாசிக்கலுக்கு மாறியபின் கர்காஸியின் ஓபஸ் 60-இல் உள்ள 25 பயிற்சிகளில் கைக்கு எட்டுவதைத் தேர்வுக்கு வெளியே வாசித்துக்கொண்டே வாருங்கள். அவற்றில் வலக்கைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது, கேட்கவும் இனிமை.

2020 முதல் வீடியோ எடுத்து அனுப்பும் வழியும் வந்திருக்கிறது. ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் நான்கு பீஸ்களை இடையில் நிறுத்தாமல் ஒரே பதிவாக வாசித்து அனுப்ப வேண்டும். காதுத் தேர்வும் சைட் ரீடிங்கும் அதில் இல்லை. உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் பலம், பலவீனம் இரண்டுமே அதில் விடுபட்டுப்போகும். பயணம் ஆனாலும் நேரடித் தேர்வுக்கே போங்கள்.

போகும்போது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்; விலை கொடுத்து வாங்கிய மூலப் பதிப்புதான் செல்லும். தந்தி மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே மாற்றி, இழுத்து இழுத்து ட்யூன் செய்து நிலைக்கவிடுங்கள். அறைக்குள் தேர்வாளர் நீங்கள் வாசிக்கும்போதே குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். முகம் பார்த்துத் தலையாட்ட மாட்டார். அதை வைத்து எதையும் முடிவுகட்டாமல் அடுத்த பீஸுக்குப் போய்விடுங்கள். தப்பு விழுந்தால் நிறுத்தித் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். சபையில் ஒரு கார்ட் தவறினால் என்ன செய்வீர்களோ, அதையே செய்யுங்கள்.