ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள்

கேமரா வாங்கியதும் எல்லோரும் சொல்லித்தருவது, படம் ஆடக்கூடாது என்பதைத்தான். ஆட்டோவில் வைத்தால் கேமராவும் அதற்கே பாடுபடும். படம் பளிச்சென்று விழும். பக்கத்தில் நிற்பவர் எடுத்த படமும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். உங்கள் கைவரிசை தெரிய வேண்டுமா? மோடு டயலை 'எஸ்' குறிக்கு (கேனனில் 'டிவி') மாற்றி, ஷட்டர் ஸ்பீடை நீங்களே குறைத்துப் பழகுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: படத்தில் எது நிற்க வேண்டும், எது ஓட வேண்டும் என்பதைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஓடுபவர் தெளிவாக, தெரு கோடுகளாக

இதற்குப் பெயர் பேனிங். சைக்கிளும் பைக்கும் பக்கவாட்டில் கடக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். 1/60 நொடியில் தொடங்கி, கை பழகியதும் 1/30, 1/15 என்று இறங்குங்கள். வண்டி உங்களுக்கு நேரெதிரே வரும் இடத்தைப் பார்த்துக் காலை ஊன்றிக்கொள்ளுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். தூரத்திலேயே வண்டி ஓட்டுபவரை ஃபோகஸில் பிடித்து, இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பியபடி அவரோடு கேமராவையும் நகர்த்துங்கள். நேரே வந்ததும் அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. பாதிப் படங்கள் கெடுவது அங்கேதான்.

முகம் தெளிவாக விழுந்தால் போதும். சக்கரக் கம்பிகள் கலங்கியிருப்பதுதான் அழகு. பின்னணியையும் கவனியுங்கள். வெறும் வானத்துக்கு எதிரே எடுத்தால் வேகமே தெரியாது. வண்ணப் பலகைகள், கடை வரிசை, இலைகளுக்கிடையே ஒழுகும் வெயில் இருந்தால்தான் கோடுகள் கிடைக்கும்.

நிற்பவர் தெளிவாக, கூட்டம் புகையாக

மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்தில் 1995-ல் ரகு ராய் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். பயணிகள் கூட்டம் ஆறாகக் கரைந்து ஓட, செய்தித்தாள் படிப்பவர்கள் மட்டும் அசையாமல் நிற்பார்கள். ட்ரைபாட் வைத்து அரை நொடி முதல் ஒரு நொடி வரை கொடுத்தால் நம்மூர்ப் பேருந்து நிலையத்திலும் இதைச் செய்யலாம். ட்ரைபாடில் வைத்ததும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ், நிற்பவர் மேல் இருக்கட்டும்.

கேமராவையே அசைப்பது

1950-களிலேயே ஸ்பெயினின் காளைச் சண்டைகளை மெதுவான ஷட்டரில், வண்ணத்தில் குழைத்தெடுத்தவர் எர்ன்ஸ்ட் ஹாஸ். தோப்பிலும் கடற்கரையிலும் நீங்கள் தொடங்கலாம். கால் நொடி முதல் ஒரு நொடி வரை வையுங்கள். பொருளின் கோடு போகும் போக்கிலேயே கேமராவையும் கொண்டுபோங்கள்: தென்னைக்கு மேலிருந்து கீழ், கடலுக்கு இடமிருந்து வலம். கை நகரத் தொடங்கிய பிறகே அழுத்துங்கள். குறுக்கே ஆட்டினால் வெறும் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒளியால் வரைவது

1949-ல் பிக்காசோ இருட்டறையில் சிறு மின்விளக்கால் காற்றில் வரைய, ஷட்டரைத் திறந்துவைத்து அதைப் படமாக்கினார் ஜோன் மிலி. உங்கள் வீட்டு அறையே போதும். விளக்கை அணைத்து, ட்ரைபாடில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 20 நொடி வையுங்கள். வரைபவர் கறுப்புச் சட்டை அணிந்து, டார்ச் முனையை லென்ஸ் பக்கம் காட்டி வரையட்டும். அவர் உருவமும் வேண்டுமென்றால் பிளாஷை 'ரியர் கர்ட்டனில்' வையுங்கள்; ஷட்டர் மூடும் கணத்தில் அடித்து ஆளைப் பதித்துவிடும்.

வெயில் நேரத்தில்

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்தாலும் ஷட்டர் 1/100 நொடிக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினால் வெளிச்சம் 64-ல் ஒரு பங்காகி, அரை நொடிக்கு மேல் கிடைக்கும். ஃபில்டர் இல்லாதவர்கள் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் எடுக்கலாம். போனில் எடுப்பவர்கள் 'ப்ரோ' மோடில் ஷட்டரை மாற்றலாம். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு 'லாங் எக்ஸ்போஷர்' தேர்ந்தெடுத்தால் போதும்.

தேர்ந்தெடுக்கும்போது கறாராக இருங்கள். கலங்கிய படமெல்லாம் கலையாகிவிடாது. கண் போய் உட்கார ஓரிடமோ, கண்ணை இழுத்துச் செல்லும் ஒரு திசையோ படத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் யோசிக்காமல் அழித்துவிட்டு, ஷட்டரை ஒரு படி மாற்றி மறுபடி எடுங்கள்.