உண்மையை எழுதிய போர்வீரர்

போரைப் பாடிய புலவர் உலகில் பலர். வெற்றி முழக்கமும் வேந்தர்தம் புகழும் அவர்தம் பாடல்களில் ஒலிக்கும். ஆனால், களத்தில் நின்ற எளிய வீரன் கண்டது என்ன, பட்டது என்ன, அஞ்சியது எதற்கு என்பவற்றை உள்ளவாறே எழுதிவைத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு நாவலாசிரியர் மோரிஸ் ஜெனவ்வா.

இவர் 1890-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் தெசீஸ் என்னும் ஊரில் பிறந்தார். லுவார் ஆற்றங்கரையிலுள்ள ஷாத்தோநெஃப் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பன்னிரண்டு வயதில் அன்னையை இழந்த அச்சிறுவருக்கு ஆறும் அதன் கரையும் உற்ற துணையாயின. கல்வியில் சிறந்து விளங்கிய அவர், பாரிஸ் நகரின் புகழ்பெற்ற எக்கோல் நொர்மால் கல்லூரியில் இடம்பெற்றார். அவர் அங்குப் பயின்று வருகையில், 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முதல் உலகப்போர் மூண்டது.

ஏடேந்திய கை வாளேந்த நேர்ந்தது. இருபத்து மூன்று வயதினரான ஜெனவ்வா, 106-ஆம் காலாட்படையில் இளநிலை அதிகாரியாகக் களம் புகுந்தார். மார்ன் ஆற்றுப்போரில் ஈடுபட்டபின், வெர்தன் நகருக்கு அண்மையிலுள்ள எபார்ஜ் குன்றில் அவர் படை நிறுத்தப்பெற்றது. அங்கே பகைவரோடு மழையும் சேறும் குளிரும் சேர்ந்து வீரரை வருத்தின. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய ஆருயிர் நண்பர் ரொபேர் பொர்ஷோன் அக்குன்றில் மாண்டார். ஏப்ரல் 25-ஆம் நாள் ஜெனவ்வாவின் உடலிலும் மூன்று குண்டுகள் பாய்ந்தன. பல திங்கள் மருத்துவமனைகளில் கிடந்து அவர் உயிர் பிழைத்தார். எனினும், இடக்கை பயனிழந்தது.

கல்லூரியின் செயலாளர் போல் துப்புய், களத்தில் கண்டவற்றை நூலாக எழுதுமாறு அவரைத் தூண்டினார். ஜெனவ்வா தம் குறிப்பேடுகளைத் துணைக்கொண்டு எழுதத் தொடங்கினார். 1916-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 'வெர்தனின் நிழலில்' என்னும் பொருள்படும் முதல் நூல் வெளிவந்தது. அதனை அவர் பொர்ஷோனின் நினைவுக்கு உரிமையாக்கினார். வீரரின் அச்சத்தையும் துன்பத்தையும் மறையாது கூறிய பகுதிகளை அரசின் தணிக்கையாளர் நீக்கினர். ஆதலின், அந்நூலின் பக்கங்கள் பல வெற்றிடங்களோடு அச்சாயின. ஆயினும், அவர் சோர்ந்தாரல்லர். 1923-ஆம் ஆண்டுக்குள் மேலும் நான்கு போர் நூல்களை எழுதி முடித்தார்.

பிறர் மறைத்ததை எழுதுதல் அரிது. தாம் மறைக்க விரும்பியதை எழுதுதல் அதனினும் அரிது. 1914 செப்டம்பரில் ஓர் இரவில், இருளில் பகைவரிடையே அகப்பட்ட ஜெனவ்வா, ஜெர்மானிய வீரர் சிலரை மிக அருகிலிருந்து பின்புறமாகச் சுட நேர்ந்தது. அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை உலுக்கியது. முதற்பதிப்பில் அதனை எழுதிய அவர், பின்னர் ஒரு பதிப்பில் நீக்கிவிட்டார். ஆனால், 1949-இல் தம் போர் நூல்களையெல்லாம் 'பதினான்காம் ஆண்டினர்' என்னும் பெயரில் தொகுத்தபோது, அப்பகுதியை மீண்டும் சேர்த்தார். அதனை வேண்டுமென்றே விடுவது நேர்மையன்று எனக் குறிப்பும் எழுதினார். பிறருடைய தணிக்கையை வெறுத்தவர், தம் தணிக்கையையும் தாமே அழித்தார்.

போருக்குப்பின் அவர் லுவார்க் கரைக்கே மீண்டு, காட்டையும் விலங்கினத்தையும் எளிய மக்களையும் பற்றிப் பல நாவல்கள் படைத்தார். திருட்டு வேட்டையாடும் ஏழை ஒருவனைத் தலைவனாகக் கொண்ட 'ரபோலியோ', 1925-ஆம் ஆண்டின் கோங்கூர்ப் பரிசைப் பெற்றது. சாவை நெருங்கிக் கண்டவர், உயிரின் அருமையை உணர்ந்து எழுதியதில் வியப்பில்லை. 1946-இல் பிரெஞ்சுக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1958 முதல் 1973 வரை அதன் நிலையான செயலாளராக அவர் பணியாற்றினார். வெர்தன் போரின் நினைவில்லம் 1967-இல் எழுந்ததற்கும் அவரே முதன்மையாக உழைத்தார்.

1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் ஜெனவ்வா மறைந்தார். 2020-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், பிரெஞ்சுப் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் அவருடைய பூதவுடலின் எச்சம் வைக்கப்பெற்றது. அச்சிறப்பு, பெயரறியாது மாண்ட தோழர் அனைவர்க்கும் உரியதாகவே அளிக்கப்பெற்றது. மாண்டவர் பேசார், அவர்க்காகப் பேசுபவர் பொய் கலவாது பேசவேண்டும். அக்கடமையை இறுதிவரை ஆற்றியதே ஜெனவ்வாவின் பெருமை.