விளையாட்டுச் சேமிப்புகளைப் பாதுகாத்தல்: வெளிப்புற வன்தட்டில் காப்புப் பிரதி எடுக்கும் முறை

புதிய மடிக்கணினி வீட்டுக்கு வந்ததும், பழையதைச் சுத்தமாக்கி ஊரிலுள்ள உறவினரின் பிள்ளைக்கு அனுப்பிவைப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். அதற்கு முன் புகைப்படங்களையும் ஆவணங்களையும் கவனமாக வேறிடத்தில் எடுத்துவைக்கிறோம். கணினியின் உள்ளடக்கம் முழுவதையும் அழித்த பின்னரே, "என் மைன்கிராஃப்ட் உலகம் எங்கே?" என்று மகளோ மகனோ கேட்பதுண்டு. அப்போது சொல்வதற்குப் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. விளையாட்டை மீண்டும் தரவிறக்கிவிடலாம். ஆனால் அதில் இரண்டு ஆண்டுகளாகக் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய வீடும் தெருவும் திரும்பி வருவதில்லை.

பெரியவர்களுக்கு அது வெறும் விளையாட்டாகத் தோன்றலாம். பிள்ளைக்கோ அது தன் கையால் செய்த பொருள். வரைந்து நிரப்பிய கொப்பியைக் கேட்காமல் எறிந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படியே இதுவும். அந்த இழப்பைத் தவிர்க்க அரை மணி நேரமும் ஒரு சிறிய வெளிப்புற வன்தட்டும் போதும்.

இப்பாடத்தில் நீங்கள் கற்பவை:

• சேமிப்புக் கோப்பு என்பது யாது, அது கணினியில் எங்கே இருக்கிறது
• அதனை வெளிப்புற வன்தட்டுக்கு முழுமையாக நகலெடுப்பது எப்படி
• எடுத்த நகல் உண்மையில் பயன்படுமா என்று சோதிப்பது எப்படி

1. சேமிப்புக் கோப்பு என்பது யாது?

ஒரு விளையாட்டில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு நிரல். இது எல்லோருக்கும் ஒன்றே; எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மற்றது, விளையாடுபவர் எதுவரை சென்றார், எதைக் கட்டினார், எதைச் சேர்த்தார் என்னும் பதிவு. இதுவே சேமிப்புக் கோப்பு. இது உலகில் அந்த ஒரு கணினியில் மட்டும் இருக்கக்கூடும்.

இந்தப் பதிவு அழியக்கூடியது என்பது பழைய செய்தி. 1987இல் அமெரிக்காவில் வெளியான 'த லெஜண்ட் ஆஃப் செல்டா' விளையாட்டின் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிறு மின்கலம் இருந்தது. விளையாடியவரின் பதிவை நினைவில் வைத்திருந்தது அந்த மின்கலமே. ஆண்டுகள் கழித்து அது தீர்ந்தபோது பதிவும் மறைந்தது. இன்று மின்கலத்தின் இடத்தில் வன்தட்டு இருக்கிறது. வன்தட்டும் ஒருநாள் பழுதடையும்.

2. சேமிப்புக் கோப்பு எங்கே இருக்கிறது?

இதுவே பாடத்தின் கடினமான பகுதி. எல்லா விளையாட்டுகளும் ஒரே இடத்தில் சேமிப்பதில்லை. விண்டோஸ் கணினியில் முதலில் தேட வேண்டிய இடங்கள் மூன்று:

• 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்குள் உள்ள 'மை கேம்ஸ்' கோப்புறை. ஸ்கைரிம் போன்ற விளையாட்டுகள் இங்கே சேமிக்கின்றன.
• உங்கள் பயனர் பெயரிலுள்ள கோப்புறைக்குள் 'சேவ்டு கேம்ஸ்' என்னும் கோப்புறை.
• 'ஆப்டேட்டா' என்னும் மறைவான கோப்புறை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பும் ஸ்டார்டியூ வேலியும் இங்கே சேமிக்கின்றன.

மூன்றாவது இடம் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அதனைத் திறக்க, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். தோன்றும் சிறு பெட்டியில் சதவீதக் குறி, அதனைத் தொடர்ந்து ஆங்கிலத்தில் ஏ, பி, பி, டி, ஏ, டி, ஏ என்னும் ஏழு எழுத்துகள், மீண்டும் சதவீதக் குறி ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். 'ரோமிங்' என்னும் கோப்புறை திறக்கும். அதற்குள் மைன்கிராஃப்டுக்கும் ஸ்டார்டியூ வேலிக்கும் தனித்தனிக் கோப்புறைகள் இருக்கும். அவை ஒவ்வொன்றினுள்ளும் உள்ள 'சேவ்ஸ்' என்னும் கோப்புறையே நாம் தேடுவது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. "எங்கள் கணினியில் ஒன்டிரைவ் இயங்குகிறது, எல்லாம் பத்திரம்" என்று பலர் எண்ணுகின்றனர். ஒன்டிரைவின் வழக்கமான காப்பு ஏற்பாடு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் போன்ற கோப்புறைகளையே கவனிக்கிறது. 'ஆப்டேட்டா' அதன் பார்வைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே, புகைப்படங்கள் யாவும் தப்பிய வீட்டிலும் பிள்ளையின் உலகம் மட்டும் தொலைந்துபோகலாம்.

மாக் கணினியில் ஃபைண்டரின் 'கோ' பட்டியலைத் திறந்து, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் 'லைப்ரரி' தோன்றும். அதற்குள் உள்ள 'அப்ளிகேஷன் சப்போர்ட்' கோப்புறையில் தேடுங்கள்.

3. தேவையான பொருள்கள்

சேமிப்புக் கோப்புகளுக்குப் பெரிய வன்தட்டு தேவையில்லை. ஸ்டார்டியூ வேலியின் ஒரு பண்ணை சில மெகாபைட்டுகளே இருக்கும். மைன்கிராஃப்ட் உலகம் சில மெகாபைட்டில் தொடங்கி, பிள்ளை ஆராயும் நிலப்பரப்பு விரிய விரியப் பல கிகாபைட் வரை வளரலாம். வீட்டில் புகைப்படங்களுக்கென வைத்திருக்கும் வன்தட்டில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

வீட்டில் விண்டோஸ், மாக் ஆகிய இரண்டும் இருந்தால், வன்தட்டு 'எக்ஸ்ஃபேட்' முறையில் அமைந்திருப்பது நன்று. இரு கணினிகளும் அதில் படிக்கவும் எழுதவும் இயலும். 'என்.டி.எஃப்.எஸ்' முறையில் அமைந்த வன்தட்டை மாக் படிக்கும். வேறு மென்பொருள் இன்றி அதில் எழுதாது. வன்தட்டின் அமைப்பு முறையை மாற்றினால் அதிலுள்ள யாவும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

4. நகலெடுக்கும் படிகள்

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. விளையாட்டைத் திறந்து, உலகங்களின் பட்டியலுக்குச் செல்லுங்கள். வேண்டிய உலகத்தைத் தெரிவு செய்து 'எடிட்' என்பதையும், பின்னர் 'ஓபன் வேர்ல்ட் ஃபோல்டர்' என்பதையும் சொடுக்குங்கள். அந்த உலகத்தின் கோப்புறை திறக்கும். இடத்தைத் தேடி அலையாமல் அடைவதற்கு இதுவே எளிய வழி.

2. இப்போது விளையாட்டை முழுமையாக மூடுங்கள். விளையாட்டு இயங்கும்போது கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்நேரத்தில் எடுக்கும் நகல் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் அமைந்து, திறக்காமற் போகலாம்.

3. திறந்துள்ள கோப்புறையிலிருந்து ஒரு படி மேலே சென்று 'சேவ்ஸ்' கோப்புறையை அடையுங்கள். எல்லா உலகங்களும் அங்கே தனித்தனிக் கோப்புறைகளாக இருக்கும்.

4. வெளிப்புற வன்தட்டை இணைத்து, அதில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு விளையாட்டின் பெயரையும் அன்றைய திகதியையும் இடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் நகல்கள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும்.

5. உலகக் கோப்புறையை முழுமையாக நகலெடுத்து அந்தப் புதிய கோப்புறைக்குள் ஒட்டுங்கள். உள்ளிருந்து ஓரிரு கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம்.

6. மூலக் கோப்புறையையும் நகலையும் தனித்தனியே வலப்பக்கச் சொடுக்கால் தெரிவு செய்து, 'புராப்பர்ட்டீஸ்' பகுதியில் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

7. வன்தட்டைப் பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்த பின் கம்பியைக் கழற்றுங்கள்.

ஐந்தாம் படி ஏன் முக்கியம் என்பதை ஸ்டார்டியூ வேலி நன்கு காட்டும். அதில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் இரண்டு முதன்மைக் கோப்புகள் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் பண்ணை திறக்காது. அக்கோப்புறையின் பெயரும் உள்ளேயுள்ள கோப்பின் பெயரும் ஒத்திருக்க வேண்டியிருப்பதால், பெயரை மாற்றினாலும் சிக்கல் எழும். ஆகவே திகதியை எப்போதும் வெளிக் கோப்புறையின் பெயரிலேயே எழுதுங்கள்; உள்ளே எதையும் மாற்றாதீர்கள்.

மைன்கிராஃப்டில் 'மேக் பேக்கப்' என்னும் பொத்தானும் உண்டு. அதனைச் சொடுக்கினால் உலகம் ஒரே கோப்பாகச் சுருக்கப்பட்டுச் சேமிக்கப்படும். ஆனால் அந்தக் கோப்பு அதே கணினியின் அதே வட்டில்தான் வைக்கப்படுகிறது. கணினி பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். அப்பொத்தானைப் பயன்படுத்தினால், உருவான கோப்பையும் வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுங்கள்.

பிள்ளைகள் வரைபலகையில் விளையாடுவது மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பு. அங்கே உலகத்தின் அமைப்புகளுக்குள் 'எக்ஸ்போர்ட் வேர்ல்ட்' என்னும் வசதியைத் தேடுங்கள். இடம் போதவில்லை என்று செயலியை நீக்கினால் உலகங்களும் உடன் நீங்கிவிடக்கூடும். நீக்குவதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள்.

5. நகலைச் சோதித்தல்

திறந்து பார்க்காத நகலை நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதனைச் செய்து பாருங்கள்.

மிகப் பாதுகாப்பான வழி, அதே விளையாட்டு உள்ள வேறொரு கணினியின் 'சேவ்ஸ்' கோப்புறையில் நகலை ஒட்டித் திறப்பது. வேறு கணினி இல்லையெனில், மைன்கிராஃப்ட் நகலின் கோப்புறைப் பெயருடன் 'சோதனை' என்ற சொல்லைச் சேர்த்து, அதே கணினியில் ஒட்டலாம். பட்டியலில் இரண்டு உலகங்களும் ஒரே பெயருடன் தோன்றும், குழம்ப வேண்டாம். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் கோப்புறையின் பெயர் இருக்கும். அதைக் கொண்டு அடையாளம் காணுங்கள். உள்ளே சென்று வீடு, பெட்டிகள், பொருள்கள் யாவும் உள்ளனவா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் சோதனை நகலை மட்டும் நீக்குங்கள்.

உண்மையாகவே மீட்க வேண்டிய நாள் வந்தால், பழுதடைந்த கோப்புறையின் மேல் நகலை ஒட்டிவிடாதீர்கள். பழுதடைந்ததை முதலில் வேறிடத்துக்கு நகர்த்துங்கள்; அதன் பின் நகலை வையுங்கள்.

6. மேகச் சேமிப்பு போதாதா?

ஸ்டீம் போன்ற தளங்கள் பல விளையாட்டுகளின் சேமிப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. எல்லா விளையாட்டுகளுக்கும் இவ்வசதி இல்லை. மேலும், இது இரு பக்கங்களையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஏற்பாடு. கணினியில் கோப்பு கெட்டால், கெட்ட கோப்பே மேலேயும் சென்று சேரலாம். கணினியிலுள்ள பதிவும் இணையத்திலுள்ள பதிவும் வேறுபட்டால், எதை வைத்திருப்பது என்று ஸ்டீம் கேட்கும். அவசரத்தில் தவறானதைத் தெரிவு செய்து பல நாள் உழைப்பை இழப்பது எளிது. அந்தக் கேள்வி தோன்றினால் திகதியையும் நேரத்தையும் படித்த பின்னரே விடையளியுங்கள்.

தொலைக்காட்சியுடன் இணைக்கும் கருவிகளில் விதிகள் வேறு:

• பிளேஸ்டேஷன் 4: சேமிப்புகளை யு.எஸ்.பி. கருவிக்கு நகலெடுக்கலாம்.
• பிளேஸ்டேஷன் 5: அக்கருவிக்கென வெளியான விளையாட்டுகளின் சேமிப்புகளை யு.எஸ்.பி. கருவிக்கு நகலெடுக்க இயலாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் இணையத்தில் வைக்கலாம்.
• நின்டெண்டோ ஸ்விட்ச்: விளையாட்டு மைக்ரோ எஸ்.டி. அட்டையில் இருந்தாலும், சேமிப்பு கருவியின் உள் நினைவகத்திலேயே இருக்கும். இணையக் காப்புக்குக் கட்டணச் சந்தா தேவை. சில விளையாட்டுகளுக்கு அதுவும் இல்லை.
• எக்ஸ்பாக்ஸ் ஒன், அதற்குப் பின் வந்தவை: இணைய இணைப்பு இருந்தால் சேமிப்பு கட்டணமின்றித் தானாகவே மேலே செல்லும்.

இக்கருவிகளை விற்கவோ கொடுக்கவோ எண்ணினால், அழிப்பதற்கு முன் இவ்விதிகளை ஒருமுறை நினைவுகூருங்கள்.

7. எத்தனை நகல்? எப்போது?

கணினித் துறையில் 3-2-1 என்றொரு எளிய நெறி உண்டு: மொத்தம் 3 பிரதிகள், 2 வேறு வகைச் சாதனங்கள், அவற்றுள் 1 வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வன்தட்டில் ஒன்று, அடுத்த தெருவிலுள்ள சித்தி வீட்டில் ஒரு யு.எஸ்.பி. குச்சி என்று அமைத்தால் இந்நெறி நிறைவேறும்.

வன்தட்டை எப்போதும் கணினியுடன் இணைத்தே வைத்திருக்க வேண்டாம். மின்னழுத்தம் திடீரென உயர்ந்தாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள் புகுந்தாலும், இணைந்திருக்கும் வன்தட்டும் சேர்ந்து பாதிக்கப்படும்.

பள்ளி விடுமுறை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் நகலெடுக்கும் நாள்களாக வைத்துக்கொள்ளலாம். 2011 முதல் மார்ச் 31ஆம் நாள் உலகக் காப்புப் பிரதி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்நாளில் நகலைச் சோதிக்கலாம். இவை தவிர, விளையாட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன்பும், கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்பும், யாருக்கேனும் கொடுக்கும் முன்பும் கட்டாயம் நகல் எடுங்கள். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த மைன்கிராஃப்ட் உலகத்தைப் பழைய பதிப்பில் பழுதின்றித் திறக்க இயலும் என்று நம்ப முடியாது.

பயிற்சி

இவ்வார இறுதியில் பிள்ளையுடன் அமர்ந்து பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. இழக்க விரும்பாத விளையாட்டுகள் எவை என்று பிள்ளையிடம் கேட்டுப் பட்டியலிடுங்கள்.
2. ஒவ்வொன்றின் சேமிப்புக் கோப்புறையையும் கண்டுபிடித்து, இடத்தை ஒரு தாளில் எழுதுங்கள்.
3. முதல் நகலை எடுத்து, திகதியிட்டு, திறந்து பாருங்கள்.
4. அந்தத் தாளை வன்தட்டின் உறைக்குள் வையுங்கள். அடுத்த முறை பிள்ளை தானே செய்வதற்கு அது வழிகாட்டும்.

ஏதேனும் ஒரு படியில் தடுமாறினால், அருகிலுள்ள நூலகத்துக்கு இப்பக்கத்தை எடுத்துச் சென்று பணியாளரிடம் காட்டி உதவி கேட்கத் தயங்காதீர்கள். பழைய கணினியை உறவினருக்கு அனுப்பும் நாள் வரும்போது, அழிக்கும் கட்டளையைக் கொடுப்பதற்கு முன் வீட்டில் எல்லோரையும் அழைத்து, "இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா?" என்று ஒருமுறை கேளுங்கள்.