பன்றியின் மரபணுப் படத்தில் ஓரெழுத்து

பன்றியென்றவுடன் கெட்ட குமாரன் மேய்த்த மந்தையையன்றி வேறொன்றும் நினையாத நம்மவர், அவ்விலங்கின் உயிரணுவுள் எழுதப்பட்டுள்ள நெடுநூலைக் கண்டால் வியப்புறுவர். அதன் குரோமோசோம்கள் 19 இணை. இணைக்கு ஒன்றாகக் கொள்ளினும், ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே குறிகளால் ஆகிய ஏறக்குறைய 250 கோடி எழுத்துக்கள் அவற்றில் உள. கேம்பிரிட்ஜுக்கு அணித்தான ஹிங்ஸ்டனிலிருந்து நடைபெறும் என்செம்பிளும், கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தாரின் ஜீனோம் பிரௌசரும் இந்நூலைத் தேசப்படம்போல் விரித்து, இணையத்தில் யாவர்க்கும் விலையின்றி வழங்குகின்றன. குரோமோசோம் முழுவதையும் தொலைநின்று நோக்கிப் பின் ஓரெழுத்தளவும் இறங்கிக் காணலாம்.

அங்ஙனம் காணத்தக்க ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். கொழுப்புக் குறைந்து தசை மிக்க பன்றிகளை வளர்த்த மேனாட்டார் ஒரு தீங்கினைக் கண்டனர். வண்டியில் ஏற்றும்பொழுதும், தம்முட் பொரும்பொழுதும், வெப்பம் மிகும்பொழுதும் சில பன்றிகள் உடல் விறைத்து, கடுஞ்சுரங் கண்டு, திடீரென மாண்டன. மாளாது வெட்டப்பட்டவற்றின் இறைச்சியும் வெளிறி, நீர் கசிந்து, விலை குன்றிற்று. பெல்ஜியத்தின் பியெத்ரேன் இனத்தில் இது மிகுதி. 1970-களில் குட்டிகளை ஹாலோதேன் என்னும் மயக்க மருந்தை மோக்கச் செய்து, கால் விறைப்பனவற்றை விலக்கினர். ஆயினும், தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் குறையைப் பெற்ற குட்டி அச்சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். தப்பியது வளர்ந்து தன் குட்டிகட்கும் அக்குறையை ஈயும். 1991-இல் டொராண்டோவில் மக்லெனன் குழுவினர் இதன் வேரைக் கண்டனர்.

அவ்வேரை நாமும் காணலாம். என்செம்பிளில் பன்றியைத் தேர்ந்து, ஆர்.ஒய்.ஆர்.1 என்னும் மரபணுப் பெயரை இட்டால், ஆறாம் குரோமோசோமில் அது தோன்றும். தசையணுவுள் கால்சியத்தைத் திறந்துவிடும் மதகு போன்ற ஒரு புரதத்தை அமைப்பது அம்மரபணு. புரதத்திற்குரிய எழுத்துக்களை மட்டும் எண்ணி 1843-ஆம் எழுத்தில் நிற்க. மூன்றெழுத்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்குமாதலின், 614 அமிலங்கள் 1842 எழுத்தோடு முடிய, இஃது 615-ஆவதன் முதலெழுத்தாகின்றது. நலமுள்ள பன்றியில் அங்கே சி-ஜி-சி, குறையுள்ளதில் டி-ஜி-சி. அர்ஜினின் இருக்குமிடத்தில் சிஸ்டைன் வந்தமர, மதகு எளிதில் திறந்து மூடாது நிற்கின்றது, கால்சியம் பெருகித் தசை இறுகுகின்றது, உடல் கொதிக்கின்றது. தசை திரண்டதே நற்பன்றியெனத் தேர்ந்து தேர்ந்து இவ்வெழுத்தைத் தம்மையறியாமலே பரப்பினவர் வளர்ப்போரே! எழுத்து இன்னதென அறிந்தபின், சிறிது குருதி கொண்டே, மறைவாய்க் குறை சுமக்கும் பன்றியையும் விலக்க முடிந்தது.

இப்படம் பன்றிக்குலம் அனைத்தின் நூலன்று. 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது டி. ஜே. டபாஸ்கோ என்னும் டூராக் இனப் பெண்பன்றி ஒன்றன் எழுத்தேயாம்; பெண்ணாதலின் ஒய் குரோமோசோமை வேறோர் ஆணிடம் இரவல் பெறவேண்டியதாயிற்று. பாடபேதம் பயின்ற தமிழ் மாணவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அச்சிட்ட பாடத்தின் மாறுபட்ட ஏடெல்லாம் பிழையேடு ஆகாதவாறே, டபாஸ்கோவின் மாறுபட்ட பன்றியெல்லாம் நோய்ப்பன்றி ஆகாது. கோடிக்கணக்கான வேறுபாடுகளைப் படம் குறியிட்டுக் காட்டும். அவற்றுள் எது கொல்வது என்பதை ஹாலோதேன் மோந்த குட்டிகளே கூறவேண்டியிருந்தது. மேலும், 2017-இல் வெளிவந்த 11.1 என்னும் பதிப்பில் இட எண்கள் பல மாறியுள்ளன. பதிப்பெண்ணைக் குறியாது இட எண்ணை மட்டும் எழுதி வைப்போர், பழைய தெருப்பெயர் கொண்டு புதுநகரில் அலைவார் போல்வர்.

ஒப்பீட்டுப் பகுதியைத் திறப்பின், இம்மரபணு மனிதரின் 19-ஆம் குரோமோசோமில் இருத்தலைக் காணலாம். மயக்க மருந்தால் உறவினர் பலர் மாண்ட ஒரு குடும்பத்தைப்பற்றி 1960-இல் மெல்பர்னில் டென்பரோ என்பார் எழுதினார். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில், 614-ஆம் இடத்து அர்ஜினின் அவ்வாறே சிஸ்டைனாய் மாறியிருத்தல் பின்னர்ப் புலனாயிற்று. 1975-இல் தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன் என்பார் டான்ட்ரோலின் என்னும் மருந்தால் அக்குறையுள்ள பன்றிகளைப் பிழைப்பித்தார். இன்று அறுவை மேடையில் அந்நிலையுறும் மனிதர்க்குச் செலுத்தப்படுவதும் அம்மருந்தே.