வாவி மீனும் கொழுந்துக் கிளையும்: கையால் செய்யும் வாழ்த்து மட்டை



பொங்கல், தீபாவளி வந்தால் இப்போது கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிடுகிறோம். அந்தப் படம் நாலு நாளில் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் எத்தனையோ லயத்துக் காம்பராக்களில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்து இருபது வருஷத்துக்கு முந்திய வாழ்த்து மட்டை ஒன்று இன்னும் செருகியிருக்கிறது. அப்படிப்பட்ட மட்டையை நாமே செய்வது எப்படி என்பதுதான் இந்த முறைப் பாடம். அதற்கு முன் ஒரு சம்பவம்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன குடும்பங்களில் பல, வவுனியா, மட்டக்களப்பு பக்கம் குடியேறின. அதனால் நம்மில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மாச்சியின் மகளும் மட்டக்களப்பு வாவிக் கரையில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு பொங்கலுக்கு ஏழு வயதுப் பேத்தி அம்மாச்சிக்கு ஒரு மட்டை செய்து தபாலில் போட்டாள். நீலநிற சவர்க்கார உறையைக் கிழித்து ஒட்டி வாவி. தேயிலைப் பக்கெட்டின் வெள்ளித் தாளில் வெட்டிய மீன். உள்ளே நாலு வரி: "அம்மாச்சி, இது எங்கட வாவி மீன். நிலவு காலத்தில பாடுமாம். நீங்க வந்தா ரெண்டு பேரும் போய்க் கேப்பம்."

பொங்கலுக்கு வந்திருக்க வேண்டிய மட்டை மாசி மாதம்தான் அம்மாச்சி கைக்குக் கிடைத்தது. உறையில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே இருந்தன. தோட்டத்தில் மூன்று டிவிஷன், அதே பெயரில் மூன்று பேர். ஆபிசில் ஒரு மூலையில் கிடந்து கிடந்து, கடைசியில் ஒருவர் தற்செயலாகப் பார்த்து எடுத்து வந்தார். "போன் அடிச்சப்பகூட புள்ள பேசாம ஓடிருச்சி. மறந்துட்டாளேன்னுதான் நெனச்சேன் சாமி" என்று அம்மாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையோ, மட்டை கிடைத்தது என்று அம்மாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபித்திருந்தாள்.

அன்றைக்கே பதில் மட்டை செய்ய எல்லாரும் உட்கார்ந்தோம். அப்போது செய்து பார்த்ததைத்தான் கீழே தருகிறோம்.

தேவையான பொருட்கள்

1. பழைய கொப்பி மட்டை அல்லது பிஸ்கட் பெட்டி மட்டை.
2. சவர்க்கார உறை, தேயிலைப் பக்கெட்டின் வெள்ளித் தாள், பழைய கலண்டர்த் தாள்.
3. கத்தரிக்கோல், அடிமட்டம், மை தீர்ந்த பேனை ஒன்று.
4. கோதுமை மாப் பசை. ஒரு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக் கிளறிக் காய்ச்சி ஆறவிட வேண்டும். இரண்டு நாளில் புளித்துவிடும், அளவாகக் காய்ச்சுங்கள்.
5. அச்சுக்கு உருளைக்கிழங்கு, பிஞ்சு வெண்டிக்காய். நிறத்துக்குப் பிள்ளைகளின் வர்ணப் பெட்டி.

கடையில் வாங்க வேண்டியது அனேகமாக எதுவுமில்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதை நாம் மறக்கவில்லை. ஒரு பக்கம் வெள்ளையாக உள்ள தாள் எதையும் அடுப்பில் போடாதீர்கள்.

செய்முறை

மட்டை: எட்டு அங்குல நீளம், ஆறு அங்குல அகலத்தில் வெட்டுங்கள். நீளத்தின் நடுவில் அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த பேனையால் அழுத்திக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் மடித்தால் விளிம்பு வெடிக்காது. அச்சடித்த மட்டை என்றால் மேலே வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள். சாயத் தேத்தண்ணியைத் துணியில் தோய்த்து அந்தத் தாளில் தடவிக் காயவிட்டால் நல்ல மண்ணிறம் வரும்.

வாவி: நீலத் தாளை வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் உள்வெள்ளை தெரியும். அது அலை நுரை மாதிரி இருக்கும். இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டுங்கள்.

மீன்: தோட்டத்துத் திருவிழாவுக்குக் கலர்ப் பேப்பரை மடித்து வெட்டித் தோரணம் கட்டுகிறோமே, அதே வித்தைதான். வெள்ளித் தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்தில் பாதி மீனை வரைந்து வெட்டுங்கள். விரிக்குமுன் மடிப்பிலிருந்து சாய்வாக நாலைந்து சிறு வெட்டுப் போடுங்கள். விரித்து, அந்தக் கூர்களை நகத்தால் மெல்லத் தூக்கிவிட்டால் செதில் எழுந்து நிற்கும்.

கொழுந்து: மட்டையின் மேல்பாதியில் நம்ம ஊர் வரட்டும். பச்சைத் தாளை மடித்து வெட்டினால் ஒரே அளவில் இரண்டு இலை. நடுவில் மெல்லிய துண்டொன்றைச் சுருட்டி ஒட்டினால் மொட்டு.

அச்சு: வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூப் போன்ற அச்சு கிடைக்கும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, நட்சத்திரமோ பொங்கல் பானையோ மேலெழுந்து நிற்கும்படி சுற்றிவரச் செதுக்க வேண்டும். கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். செதுக்கியதும் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இல்லாவிட்டால் நிறம் பரவிவிடும். பழைய துணியை மடித்துத் தட்டில் வைத்து, கெட்டியாகக் கரைத்த வர்ணத்தை ஊற்றி, அதில் அச்சை ஒற்றிப் பதியுங்கள். எழுத்தைச் செதுக்கினால் தாளில் தலைகீழ்ப் பக்கமாக விழும் என்பதை மறக்க வேண்டாம். பீட்ரூட் சாறும் மஞ்சளும் முதலில் அழகாக இருக்கும், ஆனால் சீக்கிரம் மங்கிவிடும்.

வாவியைப் பற்றிக் கொஞ்சம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமானது. அதன் மேல் 1924இல் திறக்கப்பட்ட கல்லடி இரும்புப் பாலம் இருக்கிறது. பக்கத்தில் 2013இல் புதுப் பாலமும் வந்துவிட்டது. நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்து 'பாடும் மீன்' ஓசையைக் கேட்பது அந்த ஊர் வழக்கம்.

அதே மட்டக்களப்பில், போர் நடந்த காலத்தில், 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கப்பட்டது. போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் அதில் முன்னின்றார்கள். போரால் மனம் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக இருந்து படம் வரைந்தார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள், கதை சொன்னார்கள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை கையால் சொல்லும். போனில் பேசாமல் ஓடிய பேத்தியும் மீன் வெட்டித்தானே "வாங்க அம்மாச்சி" என்று கூப்பிட்டாள்!

முகவரி முக்கியம்

எவ்வளவு அழகாகச் செய்தாலும் போய்ச் சேராவிட்டால் என்ன பயன்? பல தோட்டங்களில் கடிதம் லயத்துக்கு வருவதில்லை, ஆபிசுக்குத்தான் வருகிறது. வாழ்த்து மட்டை பிந்தினால் மனவருத்தம். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தினால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே தவறிப்போகும். ஆகவே உறையில் இப்படி எழுதுங்கள்:

முழுப் பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், லய இலக்கம், காம்பரா இலக்கம், டிவிஷன், தோட்டம், தபாற்கந்தோர், தபால் குறியீடு.

ஹட்டனுக்கு 22000, மட்டக்களப்பு நகருக்கு 30000. உங்கள் தபாற்கந்தோரின் இலக்கத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்புபவரின் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஒட்டு வேலையால் மட்டை கனக்கும். நிறுத்துப் பார்த்தே முத்திரை ஒட்டுங்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தபாலில் சேருங்கள்.

அம்மாச்சியின் பதில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இந்த முறை பேத்தியே போன் எடுத்தாள்: "அம்மாச்சி, எங்கட மீனுக்கு மேல உங்கட கொழுந்து இரிக்கி!"

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மட்டை செய்து பாருங்கள். அதோடு, வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் முழு முகவரியைப் பார்க்காமல் எழுதுகிறதா என்றும் பாருங்கள். எழுதத் தெரியாவிட்டால், முதல் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.