சரியான வாக்கியம் எது?

1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னும் நம் புதுவையில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் ஒலிக்கின்றன. ஆங்கிலத் தேர்வில் சரியான வாக்கியத்தைக் குறிக்கும்போது இது துணையும் ஆகும், இடறலும் ஆகும்.

முதலில் காலம் காட்டும் சொல்லைத் தேடுங்கள். ‘யெஸ்டர்டே’ இருந்தால் ‘ஐ ஸா ஹெர்’ என்பதே சரி. ‘ஐ ஹாவ் சீன் ஹெர்’ பிழை. பிரெஞ்சுப் பேச்சில் நேற்றைய செயலுக்கும் ‘ஹாவ்’ போன்ற துணைவினை வரும். ‘நேற்றுப் பார்த்தேன்’ என்னும் தமிழே இங்கு வழிகாட்டி.

இன்றும் இங்கு வசிப்பவள் ‘ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால், ‘ஐ ஹாவ் லிவ்ட் ஹியர்’ என வேண்டும். ‘மூன்று ஆண்டுகளாக வசிக்கிறேன்’ என்று தமிழும் பிரெஞ்சும் நிகழ்காலத்தில் கூறும். ‘ஐ ஆம் லிவிங்’ என எழுதி ஏமாறாதீர்கள்.

மொழிக்கு மொழி முறை வேறு. அதை அறிந்தவளுக்கே முழு மதிப்பெண்!