கருவறையில் கட்டப்படும் மூளை

திருகோணமலைத் துறைமுக வாயிலைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதை எம் மீனவர்கள் நன்கறிவார்கள். அந்த ஆழத்தில் இரைதேடும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூளை ஏறக்குறைய 8 கிலோ நிறையுடையது. உயிரினங்களுள் அதனிலும் பெரிய மூளை வேறெதற்கும் இல்லை. வாசகர்களே, உங்கள் தலைக்குள் இருப்பதோ 1.4 கிலோ அளவுதான்!

ஆகவே நிறையை மட்டும் பார்த்துப் பயனில்லை. கலங்கள் எத்தனை, அவை எங்கே, எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள. அவற்றுள் 1,600 கோடி, சிந்தனைக்கும் மொழிக்கும் உரிய மேற்பட்டையில் உள்ளன. ஆபிரிக்க யானை ஒன்றின் மூளையை ஆராய்ந்தபோது மொத்தக் கலங்கள் நம்மைப்போல மூன்று மடங்கு இருந்தன. ஆனால் மேற்பட்டையில் இருந்தவை 560 கோடி மட்டுமே.

இந்த மேற்பட்டை எப்படி இவ்வளவு பெருத்தது? 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியாவில் நிமிர்ந்து நடந்த 'லூசி'யின் இனத்தாருக்கு மூளையின் கொள்ளளவு சுமார் 450 கன சென்ரிமீற்றர். நமக்கோ அதன் மூன்று மடங்கு. 2015இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், சிம்பன்சியிடம் இல்லாத, மனித வழியில் மட்டுமே உள்ள ஒரு பரம்பரையலகைச் சுட்டிக்காட்டினார்கள். (அதன் பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுவோம்.) அதை எலியின் முளையத்தில் புகுத்தியபோது, நரம்புக் கலங்களை ஈனும் தாய்க் கலங்கள் பெருகின, வழுவழுப்பான எலி மூளையிலும் சிலவற்றில் மடிப்புகள் தோன்றின.

கூர்ப்பு என்றதும் முகம் சுளிக்கும் விசுவாசிகள் இன்றும் உளர். தேவையில்லை. மனித உடலின் தோற்றத்தை இவ்வழியில் ஆராயத் தடையில்லை என்று 12ஆம் பத்திநாதர் 1950இலேயே எழுதிவிட்டார். ஆன்மா இறைவனால் நேரே படைக்கப்படுகிறது என்பதே அவர் விட்டுக்கொடாதது. கூர்ப்புக் கொள்கை வெறும் ஊகத்திலும் மேலானது என்று 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் கூறினார்.

இனிக் கருவறைக்குள் போவோம். மூன்றாம் வாரத்தில் முளையத்தின் முதுகுப்புறத் தகடொன்று வாழையிலை சுருள்வதுபோல் சுருண்டு குழாயாகிறது. இக்குழாயின் மேல்முனையே மூளை, மீதி முண்ணாண். பின்னர் குழாயின் உட்சுவரில் கலங்கள் ஓயாது பிரிகின்றன. சில தாய்க் கலங்கள் உட்சுவரிலிருந்து வெளிப்புறம் வரை நீண்ட இழையாய் நிற்க, புதிதாகப் பிறந்த நரம்புக் கலங்கள் பனையேறுவோரைப்போல் அவ்விழையைப் பற்றி ஏறுகின்றன. முதலில் பிறந்தவை ஆழத்தில் தங்கும். பிந்திப் பிறந்தவை அவற்றைக் கடந்து மேலே குடியேறும். இவ்வாறே ஆறு அடுக்குகள் அமைகின்றன.

இந்த ஏற்றம் மும்முரமாய் நடக்கும் காலத்தைச் சென்னைத் தொழினுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் படமாக்கியுள்ளது. 2024 டிசம்பரில் வெளியான அத்தொகுதியின் பெயர் 'தரணி'. 14 முதல் 24 வாரம் வரையான ஐந்து சிசு மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைத் தனித்தனிக் கலம் தெரியுமளவுக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். உலக ஆய்வாளர் எவரும் காசின்றிப் பார்க்கலாம். தமிழ் மண்ணில் நடந்த இவ்வேலை நம் உயர்தர உயிரியல் மாணவர் கண்ணில் படவேண்டும்.

தாய்மாருக்கு ஒரு சொல். அந்தக் குழாய் கருவுற்ற 28ஆம் நாளளவில் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பிள்ளை முள்ளந்தண்டுக் குறையோடு பிறக்கலாம், மண்டையோடின்றி இறந்துமே பிறக்கலாம். கர்ப்பம் என்று தெரியுமுன்பே பலருக்கு அந்த நாள் கடந்துவிடுகிறது. போலிக் அமிலம் இவ்வாபத்தைப் பெரிதும் குறைக்கிறது. நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போதும். ஆனால் கருவுறுமுன்பே தொடங்கவேண்டும். முன்பு இக்குறையுள்ள பிள்ளையைப் பெற்றவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடமே அளவைக் கேட்கட்டும். மற்றவர்கள் கோவிலில் ஓலை வாசிக்கும் வாரத்திலேயே குடும்பநல மாதுவைக் கண்டு விசாரித்துக்கொள்ளலாம்.